மூலக்கடை ஹார்ட் செக்கப் பேக்கேஜ்: எக்கோ அருமை, கிட்னியைக் கோட்டை விட்டுட்டாங்க

சென்னை மூலக்கடைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் 1,999 ரூபாய்க்கு ஹார்ட் பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு 62 வயது, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கூட்டிப்போனேன். ஐந்துக்கு இரண்டரை ஸ்டார்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நரம்பு லேசில் கிடைக்காது, ரத்தம் எடுத்த பொண்ணு புறங்கையில் ஒரே குத்தில் எடுத்துவிட்டது. எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்த்த டாக்டரும் அவசரப்படாமல், இதயத்தின் இடது கீழறைச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது என்று திரையிலேயே காட்டினார்.

ரிப்போர்ட்தான் சொதப்பல். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.4. பக்கத்தில் நார்மல் அளவு '0.6 - 1.4', ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடு, அதனால் அளவு தாண்டினால் போடும் ஸ்டார் குறிகூட இல்லை, கிட்னி நார்மல் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் 62 வயதுப் பெண்ணுக்கு 1.4 என்றால் இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்ற கணக்கு, சுமார் 42தான் வரும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட கிட்னி நோய். இஜிஎஃப்ஆருக்குத் தனியாக ரத்தம் வேண்டாம், கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் போட்டால் கணக்கு வந்துவிடும், அதைக்கூட அச்சடிக்கவில்லை. யூரினில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் பேக்கேஜில் கிடையாது.

ஹார்ட் பேக்கேஜில் கிட்னி எதற்கு என்று கவுன்டரில் கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் கடுப்பானது. கிட்னி பழுதானால் உப்பும் நீரும் தேங்கி பிரஷர் ஏறும், இதயச் சுவர் தடிக்கும், ரத்தசோகை வந்து இதயத்துக்கு வேலை கூடும், பாஸ்பரஸ் ஏறி ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். கிட்னி நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே மாரடைப்பிலோ இதயச் செயலிழப்பிலோ போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் கொண்டுவந்த 'பிரிவென்ட்' (PREVENT) என்ற கணக்கில் இஜிஎஃப்ஆரையும் சேர்த்தே இதய ஆபத்தைக் கணிக்கிறார்கள். இங்கே தடித்த சுவர் ஒரு பக்கம், 1.4 இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

இதைவிட மோசம் இலவச டயட் சார்ட். 'லோ சோடியம் உப்பு, தினம் ஒரு இளநீர்' என்று எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், கிட்னி சரியில்லாதவர்களுக்கு பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், பொட்டாசியம் டெஸ்ட்டே எடுக்காமல் எப்படி இளநீர் குடிக்கச் சொல்கிறார்கள்?

பிறகு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டரிடம் காட்டினோம். யூரின் டெஸ்ட் எழுதினார், கொழுப்பு மாத்திரை ஆரம்பித்தார், டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை கிட்னிக்கும் இதயத்துக்கும் சேர்த்து உதவும் என்று அதையும் கொடுத்தார், வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றார்.

எக்கோவுக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போங்கள். சுகர், பிரஷர் இருந்தால் யூரின் ஆல்புமின் - கிரியாட்டினின் விகிதத்தையும் பொட்டாசியத்தையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்டால் போடுகிறார்கள். லிஃப்ட் இல்லை, எக்கோ ரூம் இரண்டாவது மாடி, மூச்சு வாங்குகிறவர்களை வேறு எங்கே வைப்பார்கள்!