"கண்ணாடியே தேவையில்லை" பக்கேஜ்: கண்புரை ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்க முதல்

வெள்ளவத்தையில் 68 வயது அம்மா ஒருவர், 14 வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் வலக்கண்ணுக்குக் கண்புரை ஒப்பரேஷன் செய்தார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பற்றிப் பேசியது வைத்தியர் இல்லை, கவுண்டரில் இருந்த பிள்ளை. "மூன்று பக்கேஜ் இருக்கு அம்மா. இதைப் போட்டால் பிறகு கண்ணாடியே தேவையில்லை." டொரன்டோவிலிருந்து மகள் காசு அனுப்ப, ஆக விலை கூடிய டிரைஃபோக்கல் லென்ஸ் கண்ணுக்குள் போனது.

இப்போது இருட்டினால் காலி வீதியில் வருகிற ஒவ்வொரு ஹெட்லைட்டையும் சுற்றி வளையம். மருந்துப் பெட்டியின் எழுத்தை ஜன்னலோரம் கொண்டுபோனால்தான் வாசிக்கலாம். முதலில் "பழகும்" என்றார்கள். பிறகு "ஒருக்கா லேசர் அடிச்சா சரி" என்றார்கள்.

லென்ஸ் போலி இல்லை. அதைப் போட்ட கண்தான் பிழை. டிரைஃபோக்கல் உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரம், நடு, கிட்ட என்று பங்குபோடும். எந்தத் தூரத்துக்கும் முழு வெளிச்சம் கிடையாது. விழித்திரை நன்றாக இருப்பவர்களில் அநேகருக்குச் சில மாதத்தில் மூளை அதற்குப் பழகிவிடும். சீனியால் மஞ்சட்பொட்டு (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் நடுப்பகுதி) வீங்கியிருந்தால் அந்தக் குறைந்த வெளிச்சமும் கெட்ட இடத்தில் போய் விழும். இதை முன்கூட்டியே காட்டுவது விழித்திரையை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கான், சில நிமிட வேலை. அம்மாவின் பைலில் அது இல்லவே இல்லை. மஞ்சட்பொட்டுத் தேய்வு, முற்றிய குளுக்கோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் இந்த லென்ஸ் பொருந்தாது.

பைலில் இருந்தது கண் அளந்த ஒரேயொரு தாள். லென்ஸ் பவரைக் கணக்கிடுவது அந்த அளவை வைத்துத்தான். கண்ணின் நீளம் சராசரி 23.5 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் பிழைத்தால் பவர் 2.5 முதல் 3 டயோப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை தவறும். கண்மேல் முனையை வைத்து அளக்கும் பழைய ஸ்கானில் கை கொஞ்சம் அழுத்தினாலே நீளம் குறைவாக விழும், லென்ஸ் பவர் கூடும், ஒப்பரேஷனுக்குப் பிறகு தூரம் மங்கும். ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடாது, அதைக் கேளுங்கள். புரை நன்றாக முற்றி ஒளி நுழையாத கண்ணுக்கு மட்டும்தான் அந்தப் பழைய ஸ்கான். முன்பு கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், கணக்கே மாறும். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளக்க முதல் எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ் என்றால், அது உள்ளே 10 பாகை சுழன்றாலே திருத்தத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். 30 பாகையில் ஒன்றுமே மிஞ்சாது. மறுநாள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த "லேசர்". ஒப்பரேஷனுக்குப் பல மாதமோ வருடமோ கழித்து லென்ஸைத் தாங்கும் பையின் பின்சவ்வு மங்குவதுண்டு. புரை திரும்பி வந்துவிட்டது என்று சனம் சொல்வது இதைத்தான். யாக் லேசர் அந்தச் சவ்வில் துளை போடும், பார்வை தெளியும். அம்மாவுக்கு மங்கல் ஒன்றுமில்லை, சவ்வு தெளிவாக இருக்கிறது என்று இரண்டாவது வைத்தியர் சொன்னார். தெளிவான சவ்வில் துளை போட்டால் வளையம் போகாது. அதைவிட மோசம், துளை விழுந்த பிறகு லென்ஸை மாற்றுவது பலமடங்கு சிக்கல். மாற்றுவதென்றால் லென்ஸின் கால்கள் பையோடு ஒட்டிப்போக முதல், ஆரம்ப மாதங்களில்தான் சுகம். ஆகவே லென்ஸ் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வைத்தியர் பார்க்கும்வரை யாக்குக்குச் சம்மதிக்க வேண்டாம்.

பில்லில் வேறொரு "லேசர் கட்டணம்" வேறு. டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததோ பேக்கோ மட்டும். பேக்கோ என்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுவது. லேசர் அதில் இல்லை. ஒப்பரேஷனின் சில வெட்டுகளைப் போடும் ஃபெம்டோ லேசர் தனி இயந்திரம், செய்தால் ஒப்பரேஷன் குறிப்பில் எழுதியிருக்கும். எழுதாததற்குக் காசு கொடுக்காதீர்கள்.

லென்ஸ் பெட்டிக்குள்ளே ஸ்டிக்கர்கள் வரும்: கம்பனி, மொடல், பவர், தொடர் இலக்கம், காலாவதித் திகதி. ஒன்று பைலுக்கு, ஒன்று உங்களுக்கு. அம்மா மூன்று தரம் அலைந்துதான் வாங்கினார். வீட்டுக்குப் போக முதல் கையில் எடுத்துக்கொண்டு பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

ஆண்களுக்கு ஒரு குறிப்பு: சிறுநீர் தடைக்கு டாம்சுலோசின் குளிசை எடுப்பவர்கள், எப்போதோ எடுத்து நிறுத்தியவர்களும், முன்னரே சொல்ல வேண்டும். ஒப்பரேஷன் நடுவே கண்மணி சுருங்கித் தொல்லை தரும்.

செய்யாத வேலைக்குப் பில் போட்டிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அடிக்கலாம். வைத்தியரைப் பற்றி இலங்கை மருத்துவ சபைக்கு எழுத்தில் கொடுக்கலாம். பைலின் பிரதியும் பில்லும் இல்லாமல் போகாதீர்கள்.

அம்மாவின் இடக்கண்ணுக்கும் அதே பக்கேஜில் நாள் குறித்திருந்தார்கள். மகள் போனில் அதைத் தள்ளிவைத்தார். முதலில் ஓ.சி.டி., வீக்கம் இருந்தால் அதற்கு ஊசி, வீக்கம் வற்றிய பிறகு தூரத்துக்குச் சாதாரண மொனோஃபோக்கல் (ஒரே தூரத்துக்கான லென்ஸ்), வாசிக்க ஒரு கண்ணாடி.