ரூ.4,800 போச்சு: வேர் அழுகிய ஆர்கிட்டை விற்றுவிட்டு "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்கிறார்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து ஆன்லைனில் ஆர்கிட் வாங்குகிறவர்கள் பணம் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மூன்று ஃபெலனாப்சிஸ் (ஆர்கிட்டில் ஒரு வகை) செடி, கூரியரோடு சேர்த்து 4,800 ரூபாய். மூன்றுமே இலை துவண்டு தொங்குகின்றன. விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைப் பெயர் போடவில்லை. ரீல்ஸ் போட்டு, மெசேஜில் ஆர்டர் எடுத்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ரகம்.

நம்ப வைத்தது அவர்கள் காட்டிய வேர்தான். வழக்கமாக எல்லாக் கடையும் பூவைக் காட்டித்தான் விற்கும். இவர்கள் வீடியோ காலில் வந்து, "அக்கா, வேரைப் பாருங்க, திருப்தியா இருந்தா மட்டும் பணம் போடுங்க" என்று உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். தொட்டியின் ஓரத்தில் பென்சில் தடிமனில் பச்சை வேர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இலை தடிப்பாக, விறைப்பாக நின்றது. குருத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கேட்டதற்கு, டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கிக் குருத்துக்குள் விட்டு எடுத்து, காய்ந்திருப்பதையும் காட்டினார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

காட்டாதது தொட்டியின் நடுப்பகுதி. திசு வளர்ப்பில் வரும் சின்னக் கன்றை முதலில் ஒரு சிறு ஸ்பாக்னம் மாஸ் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாசி) உருண்டையில் ஊன்றுவார்கள். வளர்ந்த பிறகு அந்த உருண்டையை எடுக்காமலே பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் பைன் பட்டையை நிரப்பிவிடுவார்கள். வெளிப்பட்டை காய்ந்து தெரியும், நடு உருண்டை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தண்டை ஒட்டிய பழைய வேர்களெல்லாம் காற்றில்லாமல் அங்கேயே அழுகும். ஓரத்துக்குத் தப்பி வந்த நாலைந்து வேர்தான் வீடியோவில் நாம் பார்ப்பது. மூன்று தொட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. உருண்டையைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது, சாக்கடை வாடை. வேரை இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வருகிறது, உள்ளே வெறும் நூல் மட்டும் நிற்கிறது.

புகார் சொன்னதும் வந்த பதில்களைக் கேளுங்கள். அதுவரை "அக்கா" என்றவர்கள் "மேடம்" ஆனார்கள்.

"தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க மேடம்." பெட்டியைப் பிரித்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. நல்ல வேர் அழுகி உள்ளே கூடாக வாரக்கணக்கில் ஆகும், கூரியரில் வரும் நாலைந்து நாளில் ஆகாது. டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்கிட்டுக்குத் தண்ணீர் சேமிக்கத் தண்டு உண்டு. ஃபெலனாப்சிஸுக்கு அது கிடையாது, தடித்த இலையில்தான் சேமிப்பு. அதனால் வேர் செத்த பிறகும் கொஞ்ச காலம் இலை விறைப்பாகவே நிற்கும். இருப்பு தீர்ந்த பிறகுதான் சுருங்கித் தொங்கும். இலை தொங்கியது நம் வீட்டில், வேர் செத்தது அவர்கள் கடையில்.

"உங்க ஊர் வெயில் மேடம், நாங்க என்ன பண்றது?" வெயிலில் காய்ந்த செடியின் இலையும் தொங்கும், உண்மைதான். ஆனால் அதன் வேர் வெள்ளி நிறத்தில் கெட்டியாக இருக்கும், நனைத்தால் பச்சையாகும். பழுப்பாகக் கொழகொழவென்று ஆகாது.

"வீட்ல மாம்பழம் வெச்சிருந்தீங்களா?" மாங்காய் பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயுவால் மொட்டு மஞ்சளாகி உதிரும், பூ வாடும். நம் மாவட்டத்தில் சீசனில் இதைக் கவனிக்கத்தான் வேண்டும், பழுக்கப் போட்ட அறையில் ஆர்கிட் வைக்கக் கூடாது. ஆனால் வேர் அழுகுவதற்கும் மாம்பழத்துக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில், "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" இருந்தது, அனுப்பியாயிற்று. "வீடியோல இலை நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். 4,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் பிளாக். போகிற போக்கில் "எப்சம் சால்ட்டும் மண்புழு உரமும் போடுங்க, தேறிடும்" என்று ஒரு யோசனை வேறு. உறிஞ்ச வேரே இல்லாத செடிக்கு உப்பும் உரமும் போட்டால் மிச்சமிருக்கும் நுனியும் கருகும். கேட்டு யாரும் செய்துவிடாதீர்கள்.

இலை தொங்கும் செடி இப்போது கையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. தொட்டியோடு கால் மணி நேரம் தண்ணீரில் வைத்து ஊறவிட்டு, மெதுவாகக் கழற்றுங்கள். நடு உருண்டையை முள் வாங்கியால் முழுக்கக் கிள்ளி எடுங்கள். நிறத்தைப் பார்த்து வேரை வெட்டாதீர்கள், மாஸின் சாயம் ஏறி நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும். விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் விடுங்கள், நசுங்கினால் கெட்டியான இடம் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டுவாயில் மட்டும் சமையல் பட்டையைப் பொடித்துத் தொட்டு வையுங்கள். நல்ல வேர் மேல் தூவினால் அதையும் உலர்த்திவிடும். பூத்தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான், ஆனாலும் வெட்டுங்கள்.

ஒரு ராத்திரி நிழலில் உலரவிட்டு, நாலைந்து நல்ல வேராவது இருந்தால், வேர் அடங்கும் அளவுத் தொட்டியில் ஒன்று இரண்டு செ.மீ. பைன் பட்டைத் துண்டும் கொஞ்சம் அடுப்புக்கரியும் போட்டு நடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டென்றால் தண்ணீரை மாற்றி மாற்றி நாலு நாள் ஊறவைத்து உப்பை எடுத்த பிறகுதான். செடி ஆடக் கூடாது, ஆடினால் புது வேர் நுனி உடையும். குச்சி வைத்துக் கட்டுங்கள். வேரே இல்லாவிட்டால், நன்றாகப் பிழிந்த மாஸைத் தெளிவான பிளாஸ்டிக் கவரின் அடியில் போட்டு, செடியை அதன் மேல் உட்கார வையுங்கள், புதைக்காதீர்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் படக் கூடாது, தினமும் சற்று நேரம் கவரைத் திறந்துவிட வேண்டும். புது வேர் வர இரண்டு மூன்று மாதமாகலாம். அதுவரை உரம் வேண்டாம். வந்த பிறகு 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருப்பது) லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தரம். சுருங்கிய பழைய இலை முழுசாக நிமிராமல் போகலாம், பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். தேறுகிறதா என்பதைப் புது இலையில் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் பக்கம் தனிக் கவனம் வேண்டும். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், நுனி வேர் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 200க்குள் இருக்கும் தண்ணீர், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். வேர் வெள்ளி நிறமான பிறகுதான் அடுத்த தண்ணீர். ஓசூரில் ராத்திரி குளிர்ந்துவிடும், தருமபுரியில் மாடி வீடு விடியும்வரை அனலாகவே இருக்கும். அங்கே சித்திரை, வைகாசியில் தரைத்தளத்து ஜன்னலோரம்தான் சரி.

வாங்கும்போது: தொட்டியிலிருந்து கழற்றி நடு உருண்டையைப் பிரித்து வீடியோ கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். செடியை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள், அடியில் ஆடினால் வேண்டாம். பளீர் நீலப் பூ என்றால் தண்டில் சாயம் ஏற்றியது, அடுத்த தரம் வெள்ளையாகத்தான் பூக்கும். கோடையில் கூரியரில் வாங்காதீர்கள். முழுப் பணம் முன்னால் போடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சாட், ரசீது, வீடியோ எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 4,800 ரூபாய்க்கு நான் கொடுக்கப்போகிறேன். இதே மாதிரிக் கடையில், இதே மாதிரி வேரைப் பார்த்து ஏமாந்தவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரியில் இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.