முற்றவெளியில் ஓர் இசை இரவு: கொட்டடியிலிருந்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் கோட்டைக்கும் வீரசிங்கம் மண்டபத்துக்கும் இடையில் விரிந்து கிடக்கும் முற்றவெளி, கொட்டடியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து சிறிது நேர நடைத் தூரத்தில் இருக்கிறது. மாலையில் அங்கே நடக்கப் போகிறவன் என்ற முறையிலும், தென்மேற்குக் காற்று வீசும் கடந்த சோளகக் காலத்தில் அங்கு நடைபெற்ற பெரிய இசைநிகழ்ச்சி ஒன்றுக்குக் குடும்பத்தோடு நுழைவுச்சீட்டு வாங்கிப் போனவன் என்ற முறையிலும், அந்தத் திடல் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எழுத விரும்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பாட்டிலும் வாத்தியத்திலும் குறை சொல்ல எதுவுமே இருக்கவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் வேலணையிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று மணித்தியாலமும் கதிரையை விட்டு அசையாமல் இருந்தார். பழைய பாடல் ஒன்று தொடங்கியதும் மடியில் கிடந்த கைகள் தாமாகவே தாளம் போட்டன. இருட்டிய பிறகு வீதிக்கு இறங்கவே அஞ்சிய ஊரடங்கு இரவுகளை வாழ்ந்து கடந்தவர்களுக்கு, கோட்டை மதிலின் ஓரத்தில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகளோடு கூடியிருந்து பாட்டுக் கேட்பது சிறிய விடயமன்று. அருகிலுள்ள திருவள்ளுவர் கலாசார மைய அரங்கில் ஏறத்தாழ 600 பேர்தான் அமர முடியும் என்பதால், பெரிய கூட்டத்துக்கு நகரில் வேறு பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தைக் கையாண்ட முறை பரவாயில்லை. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி இதே திடலில் பாடகர் ஹரிஹரன் கலந்துகொண்ட நிகழ்ச்சியில், சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு கட்டணப் பகுதிக்குள் புகுந்ததால் பாட்டு இடைநடுவில் தடைப்பட்டது. அதன் பாடம் ஓரளவு கற்கப்பட்டிருப்பதை, இரட்டை வேலியையும் தனித்தனி நுழைவாயில்களையும் பார்த்தபோது உணர்ந்தேன். ஆனால், உள்ளே வரப் பல வழிகளை வைத்தவர்கள் வெளியேற ஒன்றையே திறந்து வைத்திருந்தார்கள். நடமாடும் மலசலகூடங்கள் போதவில்லை. பெண்கள் நின்ற வரிசை நீண்டுகொண்டே போனது.

இனி, வேலிக்கு வெளியே இருந்தவர்களின் அனுபவத்துக்கு வருகிறேன். சோளகம் கடற்பக்கமிருந்து ஊர்ப்பக்கமாக வீசுகின்ற காற்று. மேடையை எந்தத் திசைக்குத் திருப்பி வைத்தாலும், அந்த மாதங்களில் ஒலி கொட்டடிக்கும் கடைத்தெருவுக்கும் அதற்கப்பால் வைத்தியசாலைப் பக்கத்துக்கும்தான் போகும். வாடைக்காற்றுக் காலத்தில் அதே ஒலியின் பெரும்பகுதி கடலோடு போய்விடும். நாங்கள் வீடு திரும்பியபோது இரவு பதினொன்றரை ஆகியிருந்தும் நிகழ்ச்சி முடிந்திருக்கவில்லை. சொற்கள் எதுவும் விளங்காத அந்தத் தூரத்தில் தாள அடி மட்டும் வந்துகொண்டிருக்க, அடுக்களையில் தட்டு ராக்கையில் இருந்த எவர்சில்வர் மூடியொன்று ஒவ்வோர் அடிக்கும் கிணுகிணுத்ததை நின்று கேட்டேன். அரை மணித்தியாலத்துக்கு முன் அதே தாளத்துக்குக் கைதட்டியவன் நான் என்பதை நினைக்க மனம் சங்கடப்பட்டது.

மறுநாள் ஒழுங்கையில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். நிகழ்ச்சியே வேண்டாம் என்றவர் ஒருவர்தான்; அவருடைய மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பிக்கு அன்று நல்ல உழைப்பு. இரவுக்கடமைக்குப் போயிருந்த தாதி ஒருவர், நித்திரையின்றிப் புரண்ட நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்காவின் பதில்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "பாட்டுக் கேக்க எங்களுக்கும் விருப்பம்தான் தம்பி. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அம்மாவை அண்டைக்குத் தங்கச்சி வீட்டை விட்டிருப்பன்" என்றார். அவருடைய தாயார் படுக்கையில் இருக்கிறார்.

அவர் எதிர்பார்த்தது வெறும் மரியாதை அன்று. அதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனவும், சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு மட்டுப்படுத்தப்பட்ட நேரத்துக்கு விலக்களிப்பதாயின் அயலில் வசிப்போரின் கருத்தை அறிந்த பின்பே அளிக்க வேண்டும் எனவும் இலங்கை உயர்நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலேயே பணித்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் நான் கேட்ட வீடுகளில் ஒன்றுக்கேனும் யாரும் வந்து கேட்கவில்லை.

இரவில் ஒலி கேட்டுப் பழகாத ஊரன்று இது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்காகக் கோயில் வீதியில் விடிய விடிய விழித்திருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கிறது. எந்த நாள் தேர், எந்த நாள் தீர்த்தம் என்பது பல வாரங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், நோயாளி இருக்கும் வீடும் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடும் அதற்கேற்ப ஆயத்தமாகிவிடுகின்றன. கட்டண நிகழ்ச்சி நடத்துபவர்களும் இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சடித்து, முடியும் நேரத்தையும் தொலைபேசி இலக்கமொன்றையும் அதில் எழுதி வீடுவீடாகக் கொடுக்கலாம். மேடைச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அன்று.

அதிகாலையில் நடக்கப் போனபோது திடல் முழுவதும் தண்ணீர்ப் போத்தல்களும் சொப்பிங் பைகளும் கச்சான் கோதுமாகக் கிடந்தன. குப்பையைச் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் நண்பகலுக்குள் அள்ளிவிட்டார்கள், அவர்களுக்கு நன்றி. என்னை உறுத்தியது வேறொன்று. 1974 ஜனவரி 10ஆம் திகதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுத்தூண்கள் இந்தத் திடலின் ஓரத்தில்தான் நிற்கின்றன. முதல்நாள் இரவு அவற்றை ஒட்டியே மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். விடிந்தபின் பார்த்தால் அடிப்பீடத்தில் பாதி குடித்த சோடாப் போத்தல் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அந்த இடத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி ஒருவரைக் காவலுக்கு நிறுத்தியிருக்கலாம்.

இந்த நிகழ்ச்சிகளைப் பழைய பூங்காவுக்கு மாற்றலாமே என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அங்குள்ள முதுமரங்களும் அவற்றில் அடையும் பறவைகளும் அந்த ஒலியையும் வெளிச்சத்தையும் தாங்க வேண்டியவையல்ல. சுப்பிரமணியம் பூங்கா சிறுவர்களுக்குரியது. முற்றவெளியே இருக்கட்டும், ஆனால் வாடைக்காற்று மாதங்களில், மழை ஓய்ந்தபின், பரீட்சை நாட்களைத் தவிர்த்து, பத்து மணிக்குள் முடியும்படி வையுங்கள். அப்படியொரு நிகழ்ச்சி வந்தால் நான்கு நுழைவுச்சீட்டு வாங்குவேன். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு.