ராம், அபிஸ்டோ, கிரிப்: வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுக்க எந்தக் குள்ள சிக்லிட்?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் சிக்லிட் குடும்பத்தின் சிறிய மீன்களான குள்ள சிக்லிட் கேட்டால் பெரும்பாலும் நீல ராமைத்தான் முதலில் காட்டுவார்கள். அழகான மீன், மறுப்பதற்கில்லை. ஆனால் குஞ்சு எடுக்கும் ஆசையோடு முதன்முதலில் வாங்குபவர் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதே இரண்டடித் தொட்டியில் கிரிபென்சிஸ் (சுருக்கமாகக் கிரிப்) ஜோடியை விட்டால் சில மாதங்களுக்குள் குஞ்சுகளைப் பார்த்துவிடலாம். காக்கட்டூ அபிஸ்டோ இவை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

வேறுபாடு தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது. ராமின் தாயகம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோகோ ஆறு பாயும் வெப்பச் சமவெளி. அங்கே தண்ணீர் மிக மென்மையானது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் நேர் எதிரானது: கரைந்துள்ள உப்புகளின் அளவான டி.டி.எஸ். 500-ஐத் தாண்டும், வாளியில் வெள்ளைப் படிவு விடும். அந்த நீரில் ராம் உயிரோடு இருக்கும், நிறம் காட்டும், முட்டையும் இடும். ஆனால் முட்டைகளில் பெரும்பகுதி வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஆர்.ஓ. நீரை மூன்று பங்குக்கு ஒரு பங்கு குழாய் நீர் என்ற அளவில் கலந்து, 28 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். பெருவின் அமேசான் கிளையாறுகளைச் சேர்ந்த காக்கட்டூ அபிஸ்டோவும் மென்மையான நீரையே விரும்பும். என்றாலும், அபிஸ்டோ வகைகளில் நடுத்தரக் கடினத்தைச் சகித்துக்கொள்ளும் சிலவற்றில் அதுவும் ஒன்று. நைஜீரியா, கேமரூன் கரையோர ஆறுகளின் மீனான கிரிபென்சிஸோ பி.எச். 7.5 நீரிலும் தயங்காமல் முட்டையிடும்.

தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலைகள் மூன்று மீன்களுக்குமே நல்லவை. தண்ணீருக்குத் தேநீர் நிறம் தரும். அழுகும் இலையில் வளரும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு இரையாகும். மருந்து தெளிக்காத மரத்தின் இலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடின நீரை அவற்றால் மென்மையாக்க முடியாது. இலையைப் போட்டுவிட்டேன், இனி ஆர்.ஓ. வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி பெற்றோரைப் பார்ப்போம். ராம் திறந்த வெளியில், தட்டையான கல்லின் மேல் முட்டையிடும். இரண்டும் மாறி மாறிக் காவல் நிற்கும். ஆனால் இளம் ஜோடிகள் முதல் சில ஈடுகளை, அதாவது ஒவ்வொரு முறை இடும் முட்டைகளை, தாமே தின்றுவிடுவது மிகச் சாதாரணம். வணிகப் பண்ணைகளில் முட்டைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதால் காவல் குணம் மங்கிவிட்டது என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள்; நானும் அதை நம்புகிறேன்.

கிரிபென்சிஸும் அபிஸ்டோவும் குகைக்குள் முட்டையிடுபவை. வாய்ப்புறத்தில் சிறு துளை போட்டுக் கவிழ்த்த கொட்டாங்குச்சியோ, உடைந்த பூந்தொட்டியோ போதும். கிரிப் பெண் தயாராகும்போது அதன் வயிறு நாவல்பழ நிறத்துக்கு மாறும். உடலை வில்லாக வளைத்து, அந்த வயிற்றை ஆண் பார்க்கும்படி நடுங்கிக்கொண்டே நிற்கும். பிறகு குகைக்குள் சென்றுவிடும்; முட்டைகள் மேற்கூரையில் ஒட்டியிருக்கும். ஏறக்குறைய பத்து நாளில் குஞ்சுகள் ஒரு சாம்பல் மேகம்போல வெளியே வரும். விலகிப்போகும் குஞ்சைத் தாயோ தகப்பனோ வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பும். இரண்டு பெற்றோரும் சேர்ந்து குஞ்சு மேய்ப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மூன்றில் கிரிப்பைவிடச் சிறந்தது இல்லை.

அபிஸ்டோவில் பொறுப்பு முழுவதும் தாய்க்குத்தான். ஐந்து சென்டிமீட்டர்கூடத் தாண்டாத அந்த மீன் காவல் காலத்தில் பளீரென்ற மஞ்சளாகி, கறுப்புக் கோடுகள் எடுத்து, தன்னைவிடப் பெரிய ஆணையே துரத்தியடிக்கும். ஆபத்து என்றால் உடலை ஒரு வெட்டு வெட்டும். குஞ்சுகள் அத்தனையும் அப்படியே தரையில் படிந்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்று வாழும் இனம் இது. அப்படி வைக்க மூன்றடித் தொட்டியும் பெண்ணுக்கொரு குகையும் வேண்டும். இரண்டடித் தொட்டி என்றால் ஒரே ஜோடி போதும். பெண் காவலில் இருக்கும்போது ஆண் ஒதுங்கிக்கொள்ளச் செடிகள் அடர்ந்த ஒரு மூலை கட்டாயம் தேவை.

பலர் கவனிக்காத இன்னொன்று, குஞ்சுகளின் பாலினம். அபிஸ்டோ இனங்கள் பெரும்பாலானவற்றில் குஞ்சுப் பருவ வெப்பநிலை ஆண் பெண் விகிதத்தை மாற்றுகிறது என்று ரோமர், பைசன்ஹெர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் ஆய்வு வெளியிட்டனர். 23, 26, 29 டிகிரிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். சூடு ஏற ஏற ஆண்கள் கூடின. தமிழ்நாட்டுக் கோடையில் ஹீட்டர் இல்லாமலேயே தொட்டி 30 டிகிரியைத் தொடும். மே மாதத்தில் பொரித்த ஈட்டில் பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அபிஸ்டோ குஞ்சு எடுக்க நம் ஊரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கிரிப்பில் இதே வேலையைப் பி.எச். செய்கிறது: அமில நீரில் ஆண்கள் மிகும், காரம் கூடினால் பெண்கள் மிகும். ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே வளர்த்தால் பெண்கள் அதிகம் வருவதில் வியப்பில்லை.

தீனியில் பெரிய சிக்கல் இல்லை. கிரிப், அபிஸ்டோ குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அன்றே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலை விழுங்கும். ராம் குஞ்சுகள் இன்னும் சிறியவை. முதல் சில நாட்களுக்கு இன்ஃபுசோரியா என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தீனி தயாராக இருந்தால் நல்லது. மூன்றுக்கும் பஞ்சு வழியாக நீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி. வேறு ஃபில்டர்கள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

தண்ணீர் மிகக் கடினம், ஆர்.ஓ. வசதியும் இல்லை என்பவர்கள் கிரிப்பைத் தாண்டி டாங்கனிகா ஏரியின் மல்டிஃபேசியாடஸையும் யோசிக்கலாம். ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும் மீன், காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும். வயல் நத்தை ஓடுகளைக் கழுவி மணலில் பரப்பினால் போதும். அந்த ஏரியின் நீரே கடினமும் காரமும் கொண்டது என்பதால் நம் குழாய் நீர் அதற்குக் குறையாகத் தெரியாது.

கிரிப் வாங்குபவர் வளர்ந்த ஜோடி தேடி அலைய வேண்டாம். ஆறு குட்டிகளாக வாங்கி ஒன்றாக வளர்த்தால் அவையே ஜோடி சேரும். சேர்ந்ததும் மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். அந்தத் தொட்டியில் தரையில் மேயும் கோரி (கோரிடோராஸ்) மீன்களை விடாதீர்கள். குஞ்சு காக்கும் கிரிப் அவற்றின் கண்ணைக் குறிவைத்துத் தாக்கும்.