கையைச் சுற்றும் மூன்று நிற டேப்: வாங்கலாமா?

ஊட்டக்குறைவு இருக்கிறதா என்று அங்கன்வாடியில் குழந்தையின் புஜத்தைச் சுற்றிப் பார்ப்பார்களே, சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட டேப், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆன்லைனில் பத்து டேப் கொண்ட கட்டாக வாங்கினோம். எச்.ஐ.வி.யால் அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் எனக்கு வேலை. ஊர், பேர் போட மாட்டேன். பிள்ளைகளின் நிலையை வெளியில் சொல்லக் கூடாதென்று 2017 சட்டம் இருக்கிறது; அது இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன்.

உபயோகிக்க சுலபம். இடது கையை மடக்கி, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டுச் சுற்ற வேண்டும். சதை பிதுங்கக் கூடாது, டேப் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு: அன்றைக்கே ஆஸ்பத்திரி. 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஒரே கணக்குதான். பிறந்த தேதி தெரியாமல் வந்து சேரும் பிள்ளைக்கு இது எவ்வளவு உதவி என்று எங்களைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: இரண்டு பாதத்திலும் வீக்கம் இருந்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், டேப் என்ன நிறம் காட்டினாலும் ஆஸ்பத்திரிதான்.

பச்சையை நம்பி நான் ஏமாந்த கதையும் உண்டு. பாட்டி கொண்டுவந்து விட்ட பையன், நான்கு வயது முடிந்திருந்தது, அவனுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. டேப் 13.4 காட்டியது. "நல்லாத்தான் இருக்கான், கவலப்படாம போங்க ஆயா" என்று அனுப்பிவைத்தேன். தீபாவளிக்கு வந்த நான்கு வயசு சைஸ் சட்டை அவன் முட்டி வரை தொங்கியது. அப்புறம்தான் உயரம் எடுத்தோம். 88 செ.மீ.! அது இரண்டு வயசுப் பையனின் உயரம். நான்கு வயதுக்கு 103 பக்கம் வரணும். அந்தக் குட்டை உடம்புக்குத் தக்க சதை கையில் இருந்தது. டேப் அதை மட்டும்தான் பார்த்தது. வருஷக்கணக்கில் வளராமல் போனது அதற்கு எப்படித் தெரியும்?

சோறு இல்லாமல் மட்டுமா இப்படி ஆகிறது? வாய்க்குள் வெண்புண் இருந்தால் ரசம் சாதம் பட்டாலே எரியும். பேதி வந்தால் தின்றது தங்காது. எச்.ஐ.வி. உள்ள குழந்தை நன்றாக இருக்கும்போதே 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை, எடை இறங்கும்போது 50 முதல் 100 சதவீதம் கூடுதல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புண்ணான வாயால் இரண்டு ஆள் சாப்பாடு! சத்துமாவுக் கஞ்சியை ஆறவைத்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஆறு வேளையாகப் பிரித்து ஊட்டினோம்.

எடை மெஷினுக்கும் டேப் மாற்று இல்லை. மாத்திரையே எடைப்படிதான்: தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர் 6 கிலோவிலிருந்து 10-க்குக் கீழே வரை ஒன்றரை, 10 தொட்டால் இரண்டு, 14 தொட்டால் இரண்டரை. உயரத்துக்கு ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை அடித்துக்கொண்டோம். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்கணும், மேலே நிற்கவைத்து.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். போன ஒன்றரையில் அரை அச்சுக்கு: ஈரக்கை பட்டுப் பட்டு எழுத்து அழிகிறது. எங்கள் முதல் டேப்பில் இப்போது 11-க்கும் 13-க்கும் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டிலிருந்து அடுத்ததை எடுத்தேன்.