அத்தை கேட்ட கேள்வியும் இலவச எஸ்எம்எஸ் தளமும்

"என்னப்பா, ஆபரேஷன் முடிஞ்சுதா?" காலை ஏழே முக்கால் மணிக்கு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு அத்தை கேட்டார். கையில் பை. இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தே வந்திருக்கிறார், மூட்டுவலியோடு. அவருக்குப் பின்னால் சித்தப்பாவும் சித்தியும். அப்பாவின் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது, யாரும் வர வேண்டாம் என்று முந்தின நாள் மாலையே எல்லாருக்கும் சொல்லிவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை அளவு இறங்கவில்லை, அதனால் ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் போன் அப்போது கீழே விழுந்து, திரையின் பாதி தொட்டால் வேலை செய்யாது. வருவதைப் படிக்கலாம், ஆனால் தட்டச்சு செய்ய முடியாது, அழைப்பையும் எடுக்க முடியாது. கணினியிலிருந்து எந்த மொபைலுக்கும் இலவசமாக எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று ஒரு தளம் கண்ணில் பட்டது. அவசரத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

நான் தட்டியது: "அப்பாவுக்கு நாளை காலை எட்டு மணி ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. யாரும் கிளம்ப வேண்டாம்." அத்தையின் போனில் இருந்தது: "அப்பாவுக்கு நாளை காலை எட்டு மணி ஆபரேஷன்". அதற்குக் கீழே ஏதோ கடன் விளம்பரம். அவ்வளவுதான். அனுப்பியவர் இடத்தில் என் எண்ணே இருந்தது. அதைப் பார்த்துப் பதறி எனக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறார். நான் எடுக்கவில்லை என்றதும் கிளம்பிவிட்டார்.

ஏன் வெட்டுப்பட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 அடங்கும். தமிழ் யூனிகோடு என்றால் 70தான். அதிலும் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'க்' என்பது இரண்டு, 'கு' என்பதும் இரண்டு. சாதாரணமாக நம் போனிலிருந்து நீளமாக அனுப்பினால் அது பல துண்டாகப் போய் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தளம் ஒரே ஒரு துண்டுதான் அனுப்பும், அந்த 70இலும் 30ஐ விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளும். இடைவெளியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். 'ஆபரேஷன்' என்ற சொல் 39இல் முடிகிறது. ஆங்கிலத்தில் 'இல்லை', 'வேண்டாம்' முன்னாலேயே வந்துவிடும். நமக்கு எல்லாம் கடைசியில்தான் வரும், வெட்டினால் முதலில் போவதும் அதுதான். தளத்தின் பெட்டியிலோ முழுச் செய்தியும் அப்படியே தெரிந்தது. 'அனுப்பப்பட்டது' என்று பச்சைக் குறியும் விழுந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஒவ்வோர் எண்ணாகப் போடுவதற்குப் பதில் மின்னஞ்சலில் உள்ள தொடர்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தளம் கேட்டது. நானும் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். பதினைந்து பேருக்கு அனுப்ப நினைத்தவன், பல வருஷமாகச் சேர்ந்த முந்நூற்றுச் சொச்சம் எண்களையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். பழைய ஆசிரியர், குழந்தையின் மருத்துவர், எப்போதோ ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அடுத்த வாரமே அவர்களுக்கெல்லாம் என் எண்ணிலிருந்து 'பரிசு விழுந்திருக்கிறது, இதை அழுத்துங்கள்' என்று போக ஆரம்பித்தது. என் சிம்மிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் வழிகளில், தடுப்பு இல்லாத இடங்களில், அனுப்புகிறவர் என்று எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுவிட முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் அந்தச் சரிபார்ப்பு எண். எண்ணை உறுதிசெய்ய நான்கு இலக்க எண் வரும், அதை இடுங்கள் என்றார்கள். இட்டேன். அது தினமும் காசு பிடிக்கும் ஒரு சேவைக்கு நான் கொடுத்த சம்மதமாகிவிட்டது. எண்ணோடு வந்த குறுஞ்செய்தியை முழுதாகப் படித்திருந்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்திருக்கும். மொபைல் நிறுவனத்திடம் சொல்லிச் சேவையை நிறுத்திவிட்டேன். பிடித்த பணம் திரும்பவில்லை.

கணினியிலிருந்து அனுப்புவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸே கணினியிலிருந்து போனதுதான். 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியில் தட்டி, ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவரின் போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். ஆனால் இன்று ஒரு தளம் வழியாகப் போகும் ஒவ்வொரு செய்திக்கும் அந்தத் தளம் யாருக்கோ காசு கொடுக்க வேண்டும். உங்களிடம் வாங்கவில்லை என்றால் அதை எங்கிருந்து எடுக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கணினியில் தட்டத்தான் வேண்டும் என்றால் உங்கள் போனையே அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் மெசேஜஸ் இருந்தால், அதன் வலைப்பக்கத்தைக் கணினியில் திறந்து, போனோடு இணைத்துவிட்டு அங்கிருந்தே அனுப்பலாம். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கும் அப்படி ஒரு வசதி உண்டு. எஸ்எம்எஸ் உங்கள் சிம் வழியாகத்தான் போகும், உங்கள் திட்டத்தின் கணக்கில்தான் சேரும். வேறு யாரிடமும் எண்களைக் கொடுக்க வேண்டியதில்லை. பொதுக் கணினி என்றால் வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

மின்னஞ்சல் கடவுச்சொல்லை அன்றே மாற்றினேன், இரட்டைச் சரிபார்ப்பும் போட்டுவிட்டேன். அந்த முந்நூறு பேரில் இதுவரை நூற்றுப் பத்துப் பேரிடம் நேராகப் பேசி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மிச்சம் பேருக்கு இது எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் எண்ணிலிருந்து பரிசு என்றோ கடன் என்றோ ஏதாவது வந்திருந்தால் அதை நான் அனுப்பவில்லை. தயவுசெய்து அந்தச் சுட்டியை அழுத்தாதீர்கள். ஏற்கெனவே அழுத்தி ஏதாவது எண்ணை இட்டிருந்தால், இன்றே உங்கள் மொபைல் நிறுவனத்தைக் கூப்பிட்டு உங்கள் பெயரில் என்னென்ன சேவை ஓடுகிறது என்று கேளுங்கள்.