கிரவுன் பினியனா, ஐந்து கியர் பெட்டியா?

5.38 விகிதக் கிரவுன் பினியன் (எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை அச்சில் அத்தனை மடங்கு குறைத்துச் சக்கரங்களுக்குத் தரும் பல்சக்கர இணை) கொண்ட பழைய மகிந்திரா ஜீப், மாதவரம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறியதும் இரையத் தொடங்கிவிடும். இதற்குப் பட்டறைகளில் சொல்லப்படும் தீர்வுகள் இரண்டு.

கிரவுன் பினியனை 4.88க்கு மாற்றினால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடிய எஞ்சின் அதே வேகத்தில் ஏறத்தாழ 2,720 சுற்றில் ஓடும். ஆனால் இந்த மாற்றம் எல்லாக் கியர்களையும் பாதிப்பதால், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊரும்போது முதல் கியரின் இழுவையும் அதே அளவு குறைந்து, கிளட்ச் சீக்கிரம் தேயும். முன், பின் அச்சுகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கி முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே சேதம் விளைவிக்கும். பற்களில் நீல மை தடவி, கையால் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழும்வரை ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) மாற்றிப் பொருத்தும் பொறுமைசாலியிடம் மட்டுமே இவ்வேலையை ஒப்படைக்கலாம். அவசர வேலை என்றால் அச்சு ஊளையிடும்.

ஐந்து கியர் பெட்டியோ, முதல் கியர் விகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், இழுவையை விட்டுக்கொடுக்காமல் ஐந்தாவது கியரில் மட்டும் எஞ்சினுக்கு ஓய்வு தரும். பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பெட்டியைத் தேடிப் பிடித்துவிடலாம். எஞ்சினோடு பெட்டியை இணைக்கும் அடாப்டர் தகடு, கிளட்ச் தட்டு, பெட்டியைத் தாங்கும் கிராஸ் மெம்பர், அச்சுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்டுகளின் நீளம் என்று லேத் பட்டறைச் செலவுதான் நீளும்.

அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு, செலவு கூடினாலும், நான் கியர் பெட்டியையே சொல்வேன். காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் இடையிலேயே ஓடும் வண்டிக்கு இரண்டுமே தேவையில்லை; அந்தப் பணத்தில் ஆயில் சீல்களையும் கிளட்ச்சையும் புதுப்பிக்கலாம்.